மாதாவைச் சாக்குச் சொல்லாதீர்கள்

எங்கள் காரில் மாதா சுரூபத்தை நாங்கள் ஒட்டி வைக்கவில்லை, ஸ்குரு போட்டு முடுக்கி வைத்திருந்தோம். கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். என் வீட்டுக்காரர் விசைப்படகு ஓட்டுகிறவர். படகில் பசை போட்டு ஒட்டிய பொருள் எதுவும் நிலைக்காது. அலை தூக்கிப் போடுகிற படகில் அடுப்பிலிருந்து விளக்கு வரை எல்லாவற்றையும் துருப்பிடிக்காத ஸ்குருவால் முடுக்கித்தான் வைப்பார்கள். மாதாவையும் அப்படித்தான். மாதா கோவில் சாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்த பிறகு அந்தச் சுரூபத்தை யாரும் கழற்றக் கூடாது. படகைப் பிரித்து விற்கிற அன்றைக்கு, உடையவன் தன் கையால், ஒரு பரலோக மந்திரம் சொல்லி இறக்குவான். அதுதான் எங்கள் வழக்கம்.

கார் வாங்கியதும் முதலில் பசையில்தான் ஒட்டினோம். சித்திரை வெயிலில் பசை இளகி, சுரூபம் என் மகள் மடியில் விழுந்தது. "கரையிலயும் கடல் கணக்குத்தான் போல" என்று சொல்லிவிட்டு, இவர் படகு வேலைக்கு வைத்திருக்கிற துளை போடும் மிஷினை எடுத்துவந்தார். முன் கண்ணாடிக்குக் கீழே, இடதுபக்க சீட்டுக்கு நேராக, நாலு மூலைக்கும் ஸ்குரு போட்டு மாதாவை நிறுத்தினார். அதைப் பார்த்து எங்கள் தெருவில் கார் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் இவரைக் கூப்பிட்டு அதே மாதிரி முடுக்கிக்கொண்டார்கள்.

அந்த இடதுபக்க சீட் என் மகளுடையது. பிறந்ததிலிருந்தே அவளுக்கு வலது முழங்கால் மடங்காது. பஸ்ஸில் போனால் காலை நடுவழியில் நீட்ட வேண்டும். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் இடித்துவிட்டு, "காலை மடக்கும்மா" என்று அவளிடமே சண்டைக்கு நிற்பார்கள். ஆட்டோவில் ஏறினால் பாதிக் கால் வெளியே நிற்கும். திருநெல்வேலி ரோட்டில் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிற புதுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கணக்கு டீச்சர் வேலை கிடைத்தபோது, துறைமுகத்தில் ஒரு ஷிப்பிங் ஆபீஸ்காரர் விற்ற பழைய காரை வாங்கினோம். அவருக்கே அது இரண்டாம் கை. முன் சீட்டைக் கடைசிவரைக்கும் பின்னால் தள்ளிவிட்டால் அவள் காலை நீட்டி மகாராணி மாதிரி உட்காரலாம்.

விடியும் முன்னே கடலுக்குப் போகிற மனுஷன் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட முடியுமா? நான்தான் ஓட்டுகிறேன். எட்டாம் வகுப்போடு நிறுத்தியவள், நாற்பது வயதுக்கு மேல் போய்க் கற்றுக்கொண்டேன். ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு முதல் நாள் மாதா கோவில் தெருவில் நான் வண்டியைத் திருப்பியபோது, மீன் கூடையோடு நின்ற ஒருத்தி, "ஏளா, ஓரமா நில்லுங்க எல்லாரும், ஆள் வாரா!" என்று கத்தினாள். கத்தட்டும். இன்றைக்கு அவள் பேத்திக்கு நான்தான் ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுக்கிறேன்.

ஒருநாள் சாயந்திரம் குசினியில் நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். மகள் போனைப் பார்த்தபடியே வந்து நின்றாள்.

"எம்மா, நம்ம வண்டியைக் கம்பெனி திரும்பக் கூப்பிடுது."

"என்னத்துக்குளா? வித்த பொருளைத் திருப்பிக் கேக்கானா?"

"திருப்பிக் கேக்கலை. அதுல ஒரு சாமான் கெட்டுப்போயிருக்காம். அவனே சும்மா மாத்திக் குடுக்கணுமாம்."

அவள் எனக்குப் புரியும்படி சொன்னாள். காருக்கு முன்னால் ஏர்பேக் என்று ஒரு பை மடித்து வைத்திருக்கிறார்கள். வண்டி மோதினால் அது கண்மூடித் திறக்கும் முன் ஊதிக்கொண்டு நம் முகத்தைத் தாங்கும். ஊதுவதற்கு ஒரு இரும்பு டப்பாவுக்குள் வெடிமருந்து இருக்கிறது. எங்கள் வண்டி மாடலில் அந்த மருந்து சரியில்லை. வருஷக்கணக்காக வெக்கையும் ஈரக்காற்றும் பட்டால் மருந்து கெட்டுப்போய், மோதுகிற நேரத்தில் டப்பாவே வெடித்து, இரும்புத் துண்டு தெறிக்கும். தாங்க வேண்டிய பையே குத்திக் கொல்லும். 

வெக்கையும் ஈரக்காற்றும்! இந்த இரண்டையும் தவிர எங்கள் ஊரில் வேறு என்ன இருக்கிறது? வெக்கை இல்லாவிட்டால் உப்பு விளையாது, கடல்காற்று இல்லாவிட்டால் எங்களுக்குச் சோறு இல்லை. வீட்டு இரும்புக் கேட்டு இரண்டு மழைக்குத் தாங்காது. இந்தக் காற்றில் அந்த டப்பா இத்தனை வருஷம் கிடந்திருக்கிறது. கம்பெனி, வண்டியை முதலில் வாங்கிய சென்னைக்காரருக்குத் தகவல் அனுப்பியதாம். அவர் எப்போதோ விற்றுவிட்டார். மூன்றாம் கைக்கு வந்த எங்களுக்கு யார் சொல்வது? வண்டி நம்பரைப் போலவே அடிச்சட்டத்தில் ஒரு நம்பர் வெட்டியிருக்கும். அதை என் மகள் போனில் அடித்துப் பார்த்தாள். சிவப்பு எழுத்தில் வந்தது: இரண்டு ஏர்பேக்கும் மாற்ற வேண்டியது, இலவசம். ஒன்று நான் பிடிக்கிற ஸ்டியரிங்குக்குள் இருந்தது. இன்னொன்று மாதா சுரூபத்துக்கு நேர் கீழே, என் மகள் முகத்துக்கு நேர் எதிரே.

அன்றைக்கு மீன் ஆய்ந்த கையைக் கழுவக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் அவளைப் பின் சீட்டில் குறுக்காக உட்காரவைத்து, சீட் முழுக்கக் காலை நீட்டச் சொல்லி, பள்ளிக்கூடத்தில் விட்டேன். அப்படி உட்கார்ந்தால் பெல்ட் போட முடியாது. ஒவ்வொரு பிரேக்குக்கும் அவள் உருண்டு விழப் பார்த்தாள். "எம்மா, நான் என்ன மீன் பெட்டியா?" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முன்னால் உட்கார்ந்தால் வெடி, பின்னால் உட்கார்ந்தால் பிடிமானம் இல்லை.

கம்பெனி சர்வீஸ் நிலையம் திருநெல்வேலி ரோட்டிலேயே இருக்கிறது. முன்பக்கம் புது வண்டி விற்கிற கண்ணாடி மாளிகை, பின்பக்கம் பட்டறை. டை கட்டிய தம்பி ஒருவன் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "ஆமா ஆன்ட்டி, உங்க வண்டி இருக்கு. ஃப்ரீதான். பார்ட்ஸ் வரவச்சு மாத்திரலாம்" என்றான். மாதாவே, இவ்வளவு லேசாக முடிந்துவிட்டதே என்று மனசுக்குள் கும்பிட்டேன். அவன் வண்டியைப் பார்க்க வந்தான். கதவைத் திறந்தான். சுரூபத்தைப் பார்த்தான். முகம் மாறியது. போய் மேனேஜரைக் கூட்டிவந்தான். மேனேஜர் வெளியூர்க்காரர், நறுக்கென்று பேசுகிறவர். குனிந்து பார்த்தார்.

"என்னம்மா இது?"

"மாதா."

"அது தெரியுது. இது எது மேல நிக்குது தெரியுமா? ஏர்பேக் மூடி மேல. அதுல துளை போட்டு ஸ்குரு அடிச்சிருக்கீங்க. ஏர்பேக் விரிஞ்சா இந்தச் சிலையும் ஸ்குருவும் தோட்டா மாதிரி பறக்கும்."

பொய் சொல்லவில்லை அவர். அது எங்களுக்குத் தெரியாது. வண்டியோடு வர வேண்டிய கையேடு மூன்றாம் கைக்கு வந்து சேரவில்லை. வந்திருந்தாலும் தமிழில் இருந்திருக்காது. "ஐயா, சுரூபத்தை இறக்கிடுதோம். மூடிக்கு உள்ளதை நாங்க குடுத்திடுதோம். நீங்க ஏர்பேக்கை மாத்திக் குடுங்க" என்றேன்.

"அப்படி முடியாதும்மா. கஸ்டமர் கை வச்ச வண்டிக்குக் கம்பெனி பொறுப்பு எடுக்காது. மூடி தனியா வராது. டேஷ்போர்டையே முழுசா மாத்தணும். பழைய மாடல், கிடைக்கிறதே கஷ்டம். அந்தச் செலவுக்கு நீங்க வேற வண்டியே பார்க்கலாம். எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் போயிட்டிருக்கு, முன்னாடி விசாரிங்க." பிறகு ஒரு தாளை நீட்டினார். "இல்லேன்னா இதுல கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துட்டுப் போங்க." தம்பியிடம் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். வண்டிக்காரரே மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று எழுதியிருந்ததாம்.

நான் பேனாவைத் தொடவில்லை.

வீட்டுக்கு வந்தால் அடுத்த சண்டை. ராத்திரிச் சோறு போட்டுக்கொண்டே வீட்டுக்காரரிடம் சுரூபத்தை இறக்க வேண்டும் என்றேன். அவர் கையை உதறிவிட்டு எழுந்தார்.

"ஏளா, சாமி மந்திரிச்ச சுரூபம். வண்டியைப் பிரிக்கிற அன்னைக்குத்தான் இறக்கணும். இல்லேன்னா வண்டிக்கு ஆகாது."

"வண்டி பிரியுமுன்னே பிள்ளை முகம் பிரிஞ்சா என்ன செய்வீய?"

அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. ஆனாலும் சொன்னேன். அவர் வாசலில் போய் நின்றுகொண்டார். அவர் செய்த வேலை, அவர் கையால் முடுக்கிய ஸ்குரு, அதுவே மகள் முகத்துக்கு நேராகத் தோட்டாவாக நிற்கிறது என்றால் எந்தத் தகப்பன் தாங்குவான்? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவரே சாமியாரிடம் போய்க் கேட்டார். நானும் கூட நின்றேன். சாமியார் கேட்டார்: "ஏம்ப்பா, மாதா ஸ்குருவிலயா இருக்காங்க?" அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து பரலோக மந்திரம் சொல்லி இவரே கழற்றினார். கழற்றும்போது அவர் கண்ணைத் துடைத்ததை நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

சுரூபம் இறங்கிவிட்டது என்று மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். "துளை இருக்கேம்மா" என்றார்.

எனக்கு அப்போதுதான் கோபம் முழுசாக வந்தது. படிக்காதவள்தான், ஆனால் வீடு நடத்துகிறவளுக்கு நியாயம் தெரியும். பட்டறைக்குள் எங்கள் வண்டி மாடலிலேயே ஒரு வெள்ளை வண்டி நின்றது. அதைக் காட்டிக் கேட்டேன்.

"அது என்னத்துக்கு வந்திருக்கு?"

"அதுவும் ஏர்பேக் ரீகால்தான்."

"அதுல சாமி இருக்கா? ஸ்குரு இருக்கா?"

"இல்ல."

"ஸ்குரு இல்லாத வண்டிலயும் மருந்து கெட்டிருக்கு. அப்ப மருந்து கெட்டதுக்கும் எங்க ஸ்குருவுக்கும் என்னய்யா சம்பந்தம்? துளை நாங்க போட்டது, அதுக்கு நாங்க தலையைக் குனியுதோம். டப்பா நீங்க வச்சது. அதுக்கு நீங்க குனியணும்லா?"

"ரூல்ஸ் அப்படிம்மா."

"உங்க டப்பா வெடிக்கும்னு தெரிஞ்சும், மாதாவைச் சாக்குச் சொல்லி என் பிள்ளையை அதுக்கு முன்னால உக்காரவைக்கச் சொல்லுதியளே, இதுக்கு எந்த ரூல்ஸ்?"

அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். மணி அடித்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

அன்றைக்கு முடிவு செய்தேன். தினமும் அதே ரோட்டில்தானே மகளைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறேன். விட்டுவிட்டு நேரே அந்தக் கண்ணாடி மாளிகைக்குப் போவேன். வாசலுக்குப் பக்கத்தில் வந்தவர்கள் உட்காருகிற சோபாவில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்வேன். யாரிடமும் சத்தம் போடமாட்டேன். "என்ன மேடம் வேணும்?" என்று கேட்டால், "ஏர்பேக்" என்பேன். அவ்வளவுதான். உள்ளே ஏசி அறையில் உட்காரச் சொன்னார்கள், காபி கொடுத்தார்கள். காபியைக் குடித்துவிட்டுத் திரும்பவும் வாசல் சோபாவுக்கே வந்துவிடுவேன்.

ஒருநாள் சாத்தான்குளத்திலிருந்து கடைக்கார அண்ணாச்சி ஒருவர் புது வண்டி பார்க்க வந்தார். நெற்றி நிறையத் திருநீறு. சம்சாரம் கூட வந்திருந்தார். என் கையில் ஜெபமாலையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, வண்டிக்கு வேண்டுதலா?" என்று சிரித்தார்.

"ஆமா அண்ணாச்சி. இவங்க செஞ்ச தப்பை இவங்களே சரிபண்ணணும்னு வேண்டுதல்" என்று நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது. விற்பனை செய்கிற பிள்ளையைக் கூப்பிட்டார்.

"ஏலே தம்பி, இங்கன வா. முருகனை எங்கன வைக்க?"

"சார்?"

"வண்டில முருகனை எங்கன வைக்கன்னு கேக்கேன். எங்க வீட்டு வண்டில முருகன் இல்லாம ஓடாது. நான் இன்னைக்கு முருகனை வைப்பேன். பத்து வருஷம் கழிச்சு நீ வெடிகுண்டு வச்சிருக்கேன்னு சொல்லுவ, நான் வந்து நிப்பேன், முருகன் உக்காந்துட்டார், அதனால மாத்த மாட்டேம்ப. அப்படித்தானே?"

"இல்ல சார், அது பழைய மாடல் சார்..."

"இதுவும் ஒருநாள் பழைய மாடல் ஆகும்லாலே!"

அவர் சம்சாரம், "வாங்க, நாளைக்கு நல்ல நாளும் இல்ல" என்று எழுந்துவிட்டார். போகும்போது அண்ணாச்சி என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். மேனேஜர் கண்ணாடிக்குப் பின்னால் நின்று எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தெருவில் சிலர், "மாதா காப்பாத்துவா, நீ ஏன்ளா கிடந்து அலையுத? விசுவாசம் இல்லையா?" என்றார்கள். பக்கத்து வீட்டு அக்காவே கேட்டாள். எனக்கு அது சுருக்கென்றது. நான் தினமும் பூசைக்குப் போகிறவள். சொன்னேன்: "அக்கா, மாதா காப்பாத்துவா. அதுக்காக மாதா என்ன கம்பெனி வேலைக்காரியா? அவன் செய்யாத வேலையை எல்லாம் அவ தலையில கட்டுதியளே. கடல்ல போறவன் லைஃப் ஜாக்கெட் இல்லாம போனா விசுவாசம்னு சொல்லுவியளா?" அக்கா வீட்டுக்காரரும் கடலுக்குப் போகிறவர்தான்.

பேசிய பிறகுதான் எனக்கு உறைத்தது. இவர் கையால் முடுக்கிய மாதாக்கள் இந்தத் தெருவில் எத்தனை வண்டிகளில் நிற்கிறார்கள்! அவற்றில் எது எந்த மாடல் என்று யார் பார்த்தார்கள்?

எங்கள் பங்குக் கோவிலில் வருஷத்துக்கு ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் வாகனங்களை மந்திரிப்பார்கள். கார், வேன், ஆட்டோ, பைக் எல்லாவற்றையும் கழுவிப் பூ சுற்றிக் கோவில் மைதானத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். அந்த ஞாயிறு வந்தது. தீர்த்தம் தெளித்து முடிந்ததும் சாமியார் என்னைப் பார்த்து, "சொல்லணும்னா சொல்லும்மா, சீக்கிரம்" என்று மைக்கைத் தந்தார். நான் பலர் முன்னால் மைக்கில் பேசினவள் இல்லை. "வண்டி வச்சிருக்கிறவங்க போகாதிய. என் மக நம்பர் பாத்துச் சொல்லுவா. சில வண்டில கெட்ட சாமான் இருக்கு. கம்பெனி சும்மா மாத்தணும்" என்று மட்டும் சொன்னேன்.

பாதிப் பேர் காதில் வாங்காமல் வண்டியை எடுத்தார்கள். "நல்ல நாளும் அதுவுமா வெடி கிடின்னு பயம் காட்டுதா பாரு" என்று ஒருவர் என் காது கேட்கவே சொன்னார். நின்றவர்களின் வண்டி ஒவ்வொன்றாக என் மகள் காலை இழுத்து இழுத்து நடந்து போய், குனிந்து நம்பர் பார்த்து, போனில் அடித்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருடைய வண்டிக்குச் சிவப்பு எழுத்து வந்தது. நண்டு வாங்கி அனுப்புகிற ஏஜென்டு ஒருவருடைய வண்டிக்கு வந்தது. பிறகு, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிற ஒரு டாக்ஸிக்காரர் வண்டிக்கும் வந்தது. மூன்றிலும் மாதாவை முடுக்கியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் கையால்.

இவர் அங்கேயே நின்று ஒவ்வொருத்தரிடமும், "நான்தான் துளை போட்டேன். நானே கழத்தித் தாரேன்" என்றார். மூன்று பேரிடமும் மறுநாள் எல்லோரும் சேர்ந்து கம்பெனிக்குப் போவதாகப் பேசினோம். டாக்ஸிக்காரர் மட்டும் தலையைச் சொறிந்தார். "ஒருநாள் வண்டி நின்னா பிள்ளைகளை யார் ஏத்துவா? பாக்கலாம்" என்றார்.

அன்றைக்குச் சாயந்திரமே மேனேஜரிடமிருந்து போன். இதுவரை வராத போன். மைதானத்தில் நடந்தது எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருக்கிறது. குரலில் தேன்.

"அம்மா, உங்களுக்கு நல்ல செய்தி. மேலிடத்துல பேசிட்டேன். குட்வில் அடிப்படையில உங்க வண்டிக்கு மட்டும் ஸ்பெஷலா செஞ்சு தர்றோம். நாளைக்குத் தனியா வாங்க. மத்தவங்ககிட்ட சொல்ல வேண்டாம். எல்லாரும் வந்தா எங்களால முடியாது. உங்களுக்கும் சிக்கலாயிடும்."

போனை வைத்துவிட்டு அப்படியே வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன். நான் கேட்டதெல்லாம் இதுதானே. என் பிள்ளை முன்னால் பயமில்லாமல் உட்கார வேண்டும். அது கைக்கு வந்துவிட்டது. வாயை மட்டும் மூடினால் போதும்.

வீட்டுக்காரர் சொன்னார், "வாங்கிக்கோளா. நம்ம பிள்ளை முதல்ல. அப்புறமா மத்தவங்களுக்குப் பேசுவோம்." அவர் சொன்னது தப்பில்லை. எந்தத் தகப்பனும் அப்படித்தான் சொல்வான். எனக்கும் அப்படிச் செய்துவிடலாம் என்றுதான் இருந்தது. நான் கல் மனசுக்காரி இல்லை. ஜெபமாலையை எடுத்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு மணியை உருட்டும்போதும் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்றுதான் வாய் சொன்னது. எனக்கு மட்டும் என்று கேட்க அதில் இடமே இல்லை.

மகளிடம் கேட்டேன். உட்காரப் போகிறவள் அவள்தானே.

"எம்மா, அந்த டாக்ஸில ஏறுற பிள்ளைங்க எங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க" என்றாள். "ஒருத்தி முன் சீட்டுக்குத்தான் சண்டை போடுவா. அவ முகத்தைப் பாத்துக்கிட்டு நான் எப்படிக் கணக்கு நடத்த?"

திங்கட்கிழமை இவர் கடலுக்குப் போகவில்லை. எங்கள் வண்டி முன்னால், வாத்தியார் வண்டி அடுத்து, ஏஜென்டு வண்டி அதற்குப் பின்னால், திருநெல்வேலி ரோட்டில் வரிசையாகப் போனோம். டாக்ஸி வரவில்லை. மாளிகை வாசலில் மூன்று வண்டியும் போய் நின்றதும் மேனேஜர் ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் மேலிடத்து அதிகாரி, மதுரையிலிருந்து வந்திருந்தாராம், மெதுவாக நடந்துவந்தார்.

"அம்மா, உங்களைத் தனியாத்தானே வரச் சொன்னோம்?" என்றார் மேனேஜர்.

"நீங்க சொன்னீய. நான் சரின்னு சொல்லலையே" என்றேன்.

அதிகாரி சிரித்த முகமாகத்தான் பேசினார். "இது கம்பெனியோட நல்லெண்ணத்துல செய்யறதும்மா. கடமை கிடையாது. வண்டி பழசு, மூணாவது கை, ஓனரே துளை போட்டிருக்காங்க. எல்லாருக்கும் செய்யணும்னு எங்களைக் கட்டாயப்படுத்த முடியாது."

"ஐயா, வண்டி பழசாகலாம். என் பிள்ளை முகம் பழசா? முதல் கைக்கு ஒரு உயிரு, மூணாம் கைக்கு ஒரு உயிரா? உங்க நல்லெண்ணம் எங்களுக்கு வேண்டாம். பொறுப்பு போதும்."

வாத்தியார் முன்னால் வந்து, இந்தப் பேச்சை எழுத்தில் கொடுங்கள், கடமை இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், நுகர்வோர் கோர்ட்டில் கேட்டுக்கொள்கிறோம் என்றார். நான் கையெழுத்துப் போடாத தாளை நினைத்துக்கொண்டேன். அதிகாரியும் போடவில்லை. உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார். மூன்று வண்டியையும் பட்டறைக்குள் விடச் சொன்னார்.

பார்ட்ஸ் வந்து சேரச் சில நாள் ஆனது. எங்கள் வண்டிக்கு வேலை செய்த அன்றைக்குக் கிட்டேயே நின்று பார்த்தேன். பெட்டியைப் பிரித்தார்கள். உள்ளே ஏர்பேக், அதோடு ஒட்டியபடி புது மூடி. ஒரே சாமானாகத்தான் வந்தது.

"மூடி தனியா வராது, டேஷ்போர்டே மாத்தணும்னு சொன்னீயளே?" என்று மேனேஜரைக் கேட்டேன்.

"அப்ப அப்படித்தான் தகவல் இருந்தது" என்றார். முகத்தைப் பார்க்கவில்லை. தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா, அது அவருக்கும் கடவுளுக்கும் தெரியும். பெட்டியைப் பிரித்துப் பார்க்காமலே ஒரு தாயிடம் முடியாது என்று சொன்னார் என்பது எனக்குத் தெரியும்.

வேலை முடிந்ததும் டை கட்டிய தம்பி போனை நீட்டினான். "ஆன்ட்டி, எங்க சர்வீஸுக்கு அஞ்சு ஸ்டார் போட்டு, நன்றின்னு ஒரு வார்த்தை எழுதுங்களேன். மேனேஜர் கேட்டார்."

"உனக்கு வேணும்னா நன்றி சொல்லுதேன்பா. நீ முதல் நாளே ஃப்ரீன்னு உண்மையைச் சொன்ன. கம்பெனிக்குச் சொல்ல மாட்டேன். வச்ச வெடியை எடுத்ததுக்கு யாராவது ஸ்டார் குடுப்பாங்களா?"

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனை வாங்கிக்கொண்டான்.

இப்போது என் மகள் முன் சீட்டில்தான் உட்காருகிறாள், காலை நீட்டி, பெல்ட் போட்டு. வெளியே சொல்ல வேண்டாம் என்றார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். எனக்கு எழுதி வழக்கமில்லை. மகளிடம் காட்டிப் பிழை திருத்தினேன். உங்கள் வண்டி எந்தக் கையாக இருந்தாலும் சரி, எவ்வளவு பழசாக இருந்தாலும் சரி, அடிச்சட்ட நம்பரைப் பாருங்கள். மாதாவை வைத்தாலும் முருகனை வைத்தாலும் மெக்காப் படம் வைத்தாலும் அந்த மூடி மேல் வைக்காதீர்கள். ஏற்கெனவே வைத்துவிட்டீர்களா? வெட்கப்படாமல் இறக்கிவிட்டுப் போய்க் கேளுங்கள். முடியாது என்றால் உட்காருங்கள். அவர்கள் வாசலில் சோபா நன்றாக இருக்கிறது.

டாக்ஸிக்காரர் இன்னும் போகவில்லை. நேற்றுகூடப் பள்ளிக்கூட வாசலில் பார்த்தேன், அந்தச் சின்னப் பிள்ளை முன் சீட்டிலிருந்து இறங்கினாள். "பாக்கலாம் அக்கா, லீவு விடட்டும்" என்றார். நான் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். நாளைக்குக் காலையில் எங்கள் வண்டியில் அந்தப் பிள்ளைகளை நான் ஏற்றிக்கொள்கிறேன், இவர் போய் டாக்ஸிக்காரரைக் கூட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போகட்டும். இடம் பற்றாவிட்டால் இரண்டு நடை அடிப்பேன். எனக்கென்ன, வண்டி ஓட்டத் தெரியும்.